சிறுவர் பேய்க்கதைத் தொகுப்பு: எவ்வளவு பயம், எந்தக் களம், இருட்டுப் படங்களை எப்படி அச்சிடுவது?

கேள்வி: கதைப்பெட்டி

வணக்கம். 8 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்காக, திருகோணமலையைக் களமாக வைத்துப் பேய்க்கதைத் தொகுப்பு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். மொத்தம் ஆறு கதைகள். இப்போதைய நிலவரம் இது.

கோட்டைக்குள் இரவில் தெரியும் பச்சைக் கண்கள் பற்றிய கதையும் பனங்காணி முனியின் கதையும் முடிந்துவிட்டன. கன்னியாவின் ஏழு கிணறுகளில் ஒன்றிலிருந்து குரல் கேட்கும் கதை திருத்தத்தில் இருக்கிறது. கடல் திடீரென்று உள்வாங்கி, சுவாமி மலையடியில் ஒரு குகை வாசல் தெரிய, இரண்டு பிள்ளைகள் அதற்குள் போகும் கதை பாதியில் நிற்கிறது. கடலுக்குப் போன தகப்பன் ஏழாம் நாள் இரவு ஈரக் காலடியோடு வீட்டுக்கு வரும் கதைக்கு முடிவு அமையவில்லை. சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளை வைத்து ஆறாவது கதை. களம் இருக்கிறது, கதை இன்னும் பிடிபடவில்லை.

ஒவ்வொன்றும் 1500 சொல்லளவு. படங்கள் கறுப்பு வெள்ளை, பெரும்பாலும் இரவுக் காட்சிகள். 300 பிரதி, ஒக்ரோபர் வாசிப்பு மாதத்துக்குள் கையில் வர வேண்டும்.

இந்த வயதுக்குப் பயம் எவ்வளவு இருக்கலாம்? களங்களில் பிழை ஏதும் தெரிகிறதா? இருட்டுப் படங்கள் அச்சில் அப்பிப் போகாமல் இருக்க என்ன செய்வது? வேலை எதுவரை வந்திருக்கிறது என்று பிள்ளைகளுக்கு மாதம் ஒரு கடிதம் எழுதவும் எண்ணம். அதில் என்னென்ன வைக்கலாம்?


பதில் 1: நூலக ரீச்சர்

முதலில் கடல் உள்வாங்கும் கதை. அதை விட்டுவிடுங்கள், திருத்தி எடுக்கவும் முயல வேண்டாம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம்: கடல் வழமைக்கு மாறாக உள்வாங்கினால் நின்று பார்க்காதே, மேட்டுக்கு ஓடு. உங்கள் கதையில் அந்த நேரத்திலேயே இரண்டு பிள்ளைகள் கடலுக்குள் இறங்கி, அதிசயம் பார்த்து, பத்திரமாகத் திரும்புகிறார்கள். பத்து வயதுப் பிள்ளை மனப்பாடம் செய்த பாடத்தை மறக்கும், ஆசைப்பட்டுப் படித்த கதையை மறக்காது. குகை வாசலை வேறு வழியில் திறக்கலாம். மாரி மழையில் கோட்டைச் சுவரடியில் ஒரு கல் விலகட்டும். 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். இணைக்கயல் (இரட்டை மீன்) பொறித்த கல்வெட்டு இன்றும் கோட்டை வாசலில் இருக்கிறது. கோயிலிலிருந்து பெயர்த்த கல் ஒன்று இரவில் தன் இடத்தைத் தேடுகிறது என்றால் அதற்குள்ளேயே கதை இருக்கிறது, ஒரு பிள்ளையும் கடலில் இறங்க வேண்டியதில்லை.

அடுத்தது தகப்பன் கதை. ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பேய் என்ற சொல்லே பயம். எட்டு, ஒன்பது வயதுக்கு மேலே பயத்தின் இடம் மாறிவிடும்: திருடன், விபத்து, சாவு, அம்மா அப்பா திரும்பி வராமல் போவது. அந்த வயதுக்கு உங்கள் கதையில் ஈரக் காலடி பயமில்லை, அப்பா வரவில்லை என்பதுதான் பயம். நம் மாவட்டத்தில் அது கதை அல்லாத வீடுகள் நிறைய. யுத்தத்தில் காணாமல் போனவரை இன்னும் எதிர்பார்க்கும் வீடு, கடலுக்குப் போனவர் திரும்பாத வீடு. அந்த வீட்டுப் பிள்ளையும் உங்கள் புத்தகத்தை நூலகத்தில் எடுக்கும். எழுதும்போது இப்படி ஒரு வரம்பு வைத்துக்கொள்ளலாம்: கதைக்குள் யாரும் காணாமல் போகக் கூடாது; பேயாக வருபவர் பிள்ளையின் உறவாக இருக்கக் கூடாது; பேயின் காலம் வாசிக்கும் பிள்ளையின் தாத்தா பாட்டி கண்ணால் கண்ட காலத்துக்கும் முந்தியதாக இருக்க வேண்டும். இந்த மூன்றுக்கும் உட்பட்டு எவ்வளவு பயமுறுத்தினாலும் பிள்ளைகள் தாங்குவார்கள், இன்னும் கேட்பார்கள்.

கன்னியாவையும் மாற்றச் சொல்லுவேன். அங்கே இறந்தவர்களுக்கு அந்தியேட்டி செய்யப் போகிறோம். அம்மம்மாவின் முப்பத்தோராம் நாளுக்கு அங்கே போய்வந்த பிள்ளைக்குக் கிணற்றுக்குள் குரல் என்பது விளையாட்டாக இராது. குளக்கோட்டன் என்ற மன்னன் பூதங்களைக் கொண்டு கந்தளாய்க் குளத்தைக் கட்டுவித்தான் என்ற செவிவழிக் கதை இருக்கிறதே, அந்தப் பூதங்களில் ஒன்று கூலி வாங்காமல் மிச்சமாக நிற்கட்டும். குரல் அணைக்கட்டுக் கற்களுக்குள்ளிருந்து வரலாம்.

பயத்தின் அளவு. 1500 சொல்லில் முதல் அறிகுறி 200 சொல்லுக்குள் வந்துவிட வேண்டும், அது ஓசையாக மட்டும் இருக்கட்டும். 500ஐ ஒட்டி மணமோ தொடுகையோ. 900ஐ ஒட்டிப் பாதி உருவம். 1100இல் முழு உருவம். ஒவ்வொன்றுக்கும் இடையில் பிள்ளை மூச்சு விட நாலு வரி: தம்பிக்காரன் மாங்காய்க்குச் சண்டை பிடிக்கலாம், சித்தி சாப்பிடக் கூப்பிடலாம். கடைசி 400 சொல்லை இறங்குவதற்கென்றே ஒதுக்குங்கள். பெரும்பாலான கதைகள் கெடுவது இங்கேதான். உருவத்தை 1400இல் காட்டிவிட்டுக் கதையை வெட்டிவிடுவார்கள். பெரியவர்களுக்கு அது சுவை. பிள்ளையோ அந்த உருவத்தோடு பாய்க்குப் போகிறது. பேய் ஏன் வந்தது, இப்போது எங்கே போகிறது என்ற இரண்டுக்கும் பதில் வர வேண்டும், பிள்ளை ஒரு பெரியவரின் பக்கத்தில் இருக்கும்போது கதை முடிய வேண்டும். விளக்கம் கிடைக்காத சின்ன விஷயம் ஒன்று மட்டும் மிஞ்சலாம், அது பொருளாக இருப்பது நல்லது. காலடிச் சுவடு வேண்டாம், வீட்டுக்குள் சுவடு வந்தால் நித்திரை போய்விடும்.

கழிவறை, வீட்டுக் கிணறு, கட்டிலுக்கடி, வகுப்பறை. இந்த நாலிலும் பேயைக் குடியேற்றாதீர்கள். கழிவறை முற்றத்துக்கு அப்பால் இருக்கிற வீடுகள் இங்கே ஏராளம். அங்கே பேய் இருந்தால் பிள்ளை விடியும்வரை அடக்கிக்கொண்டு கிடக்கும்.

அச்சுக்கு முன் நாலைந்து பிள்ளைகளுக்குப் பகலில் வாசித்துக் காட்டுங்கள். 1500 சொல் உரத்து வாசிக்கக் கால் மணி நேரம் போகும், ஒரு பாடவேளையில் பேச நேரம் மிஞ்சும். ஒருவரோடு ஒருவர் ஒட்டி உட்கார்ந்தால், பின்னால் திரும்பிப் பார்த்தால் அளவு சரி. காதைப் பொத்தினாலோ, "இது உண்மையா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாலோ அந்த இடத்தில் ஒரு படி குறையுங்கள். "அவங்கட அம்மாவுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டால் படி குறைத்துப் பயனில்லை, அந்தப் பகுதியை எடுத்துவிட வேண்டும்.


பதில் 2: கச்சான்

ரீச்சர் சொன்னதற்கு மேல் ஒன்று: கடல் உள்வாங்கும் கதை இயற்கைக்கும் ஒத்துவராது. இங்கே வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே ஒரு மீற்றர் கூட வித்தியாசம் இல்லை. வெளிநாட்டுக் கதைகளில் கடல் வற்றிப் பாதை தெரிவது அந்தக் கரைகளின் இயல்பு. களம் உள்ளூர் என்றால் ஓசையும் வெளிச்சமும் உள்ளூராக இருக்க வேண்டும். ஒரு இடத்தில் பிழைத்தாலும் இந்த ஊர்ப் பிள்ளைக்குப் பயம் போய்விடும்.

பச்சைக் கண்கள்: கோட்டைப் புள்ளிமான்கள்தானே? அவற்றின் கண்ணுக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருக்கிறது. வெளிச்சம் பார்ப்பவரின் கண்ணுக்குப் பக்கத்திலிருந்து போனால்தான் அது மினுங்கும். டோர்ச்சை முகத்துக்கு நேரே பிடித்தால் பளிச்சென்று தெரியும், இடுப்பில் பிடித்தால் மங்கும், அணைத்தால் ஒன்றுமில்லை. ஆகவே கும்மிருட்டில் தானாக எரியும் கண் வேண்டாம். டோர்ச் பற்றரி இறங்க இறங்கக் கண்கள் மங்கி மறைகின்றன, பிறகு சருகில் காலடி மட்டும் நெருங்குகிறது என்று எழுதிப் பாருங்கள். அது உண்மை, பயமும் கூடுதல். மான் தலை தூக்கி நின்றால் கண் ஏறக்குறைய உங்கள் வாசகரின் முக உயரத்தில் இருக்கும், அதைக் கட்டாயம் எழுதுங்கள். மிரண்ட மான் ஒற்றைக் கூர்ச் சத்தமாகக் குரல் கொடுக்கும். மான் என்று தெரியாமல் கேட்டால் பெரியவர்களே நின்றுவிடுவார்கள்.

பனங்காணி: காவோலை மரத்தோடு உரசும் ஓசை கச்சான் காற்று வீசும் மாதங்களுக்கு உரியது, மே தொடக்கம் ஓகஸ்ட் வரை. கார்த்திகை, மார்கழியில் ஓலை நனைந்து கனத்துவிடும், உரசாது. மழைக்காலத்தில்தான் கதை நடக்க வேண்டுமென்றால் தவளை இரைச்சல் ஒரேயடியாக நிற்பதை வைத்துக்கொள்ளுங்கள். காட்டுப்புறத்தில் அந்த நிசப்தம் யாரோ வருகிறார் என்பதற்கு அடையாளம்.

நிலவு: நம் பக்கம் சூரியன் தரையில் மறையும், நிலவு கடலிலிருந்து எழும். முழுநிலவு சூரியன் மறையும் வேளையை ஒட்டியே வரும். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தும். எனவே கரும் இருட்டில் தொடங்கி நடுவில் நிலவு வரவேண்டுமானால் பௌர்ணமி கழிந்து மூன்றாம், நாலாம் நாளை எடுங்கள், எட்டரை மணியிலிருந்து பத்து மணிக்குள் கடல் சிவந்து நிலவு எழும். வளர்பிறைக் கீற்று நடுச்சாமத்தில் வானத்தில் நிற்காது, பொழுதுபட்டுச் சில மணி நேரத்தில் மேற்கே இறங்கிவிடும். படம் வரைபவரிடமும் இதைச் சொல்லி வையுங்கள், பிழை அதிகம் நடப்பது படத்தில்தான். முழுநிலவு நாள் போயா விடுமுறை என்பதால் அன்று பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பியும் விடாதீர்கள். பொழுது ஆறு, ஆறரைக்குள் பட்டுவிடும், அந்தி அரை மணி நேரம் கூட நில்லாது. ஏழரைக்கு "மாலை வெளிச்சம்" எழுதினால் பிழை.

தாங்கிகளுக்குக் கதை இரும்பிலேயே இருக்கிறது. பகல் முழுக்கக் காய்ந்த பெரிய இரும்புத் தாங்கி பொழுதுபட்டதும் குளிர்ந்து சுருங்கும்; தகடுகள் "டங்" என்று ஒலிக்கும், இடைவெளி விட்டு, இடம் மாறி. உள்ளே யாரோ தட்டிக்கொண்டு சுற்றி வருவது மாதிரியே இருக்கும். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடாவையும் தாக்கியதைச் சேர்த்தால் காலமும் ரீச்சர் சொன்ன வரம்புக்குள் நிற்கும். பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்று கேட்கட்டும், தாங்கிக்குள் இறங்குவதாக எழுத வேண்டாம். பழைய எண்ணெய்த் தாங்கிக்குள் மூச்சுக்குக் காற்றுக் காணாது, நச்சு ஆவியும் நிற்கும்.


பதில் 3: அச்சுக்கூடம்

படங்களைப் பற்றிக் கேட்டீர்கள். பூச்சில்லாத 70 அல்லது 80 ஜிஎஸ்எம் (தாளின் கன அளவு) தாளில் மை ஊறிப் பரவும். திரையில் 85 சதவீதச் சாம்பல் தாளில் கறுப்பாகிவிடும், அதற்குள் இருந்த மரமும் முனியும் காணாமல் போகும். இரவுக் காட்சியில் சாம்பல் நிறங்களை 70 சதவீதத்துக்குள் நிறுத்தச் சொல்லுங்கள். அதற்கு மேல் தேவையான இடத்தில் நேரே முழுக் கறுப்பு. 70க்கும் 100க்கும் இடையில் ஒன்றும் வேண்டாம். இன்னும் நல்ல வழி, சாம்பலே இல்லாமல் பேனாக் கோட்டால் இருட்டைக் காட்டுவது. அது எந்தத் தாளிலும் நிற்கும், மலிவான இயந்திரத்திலும் வரும். கோட்டுப் படத்தை 1200 டிபிஐயில் (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி), சாம்பல் படத்தை 300 டிபிஐயில், அச்சாகும் அதே அளவில் ஸ்கான் செய்யுங்கள். வட்ஸ்அப்பில் வந்த படத்தை அச்சுக்குத் தரவே கூடாது, அது சுருக்கப்பட்ட படம்.

முழுப் பக்கக் கறுப்பு வைத்தால் அதன் மறுபக்கத்தில் எழுத்து வைக்காதீர்கள், 70 ஜிஎஸ்எம்மில் நிழலடிக்கும். 90 எடுத்தால் சமாளிக்கலாம். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துக்கு ஆசைப்படுவீர்கள். தமிழுக்கு அது ஆபத்து: ண, ழ, ணை போன்றவற்றின் சுழிகளுக்குள் மை புகுந்து அடைத்துவிடும். தடித்த எழுத்து, 16 புள்ளிக்குக் குறையாமல், ஒரு பக்கத்தில் இரண்டு மூன்று வரிக்கு மேல் வேண்டாம். உடலெழுத்து இந்த வயதுக்கு 14 புள்ளி, வரி இடைவெளி 20 அல்லது 21.

எழுத்துரு விஷயத்தில் இப்போதே முடிவு எடுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை யூனிகோடுக்கு மாற்றினால் மேற்கோள் குறிகளும் எண்களும் சில இடத்தில் குழம்பும், வரிக்கு வரி மெய்ப்புப் பார்க்க வேண்டி வரும். யூனிகோடிலேயே எழுதி இன்டிசைனில் (பக்க வடிவமைப்பு மென்பொருள்) கொண்டுவந்தால் பந்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கொம்போசரைத் தெரிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் கொ, கோ, கௌ எல்லாம் கொம்பு இடம் மாறி நிற்கும்.

அளவு ஏ5, அதாவது 148க்கு 210 மில்லிமீற்றர். ஆறு கதை, படங்கள், முன்பக்கங்கள் எல்லாம் சேர்த்து 64 பக்கத்துக்குள் அடக்கினால் நாலு போர்ம், ஒரு போர்முக்கு 16 பக்கம், தாள் வீணாகாது. நடுவில் பின் அடிக்கலாம். பக்கம் 68 ஆனால் செலவு பாய்ந்து ஏறும். ஒரு படத்தைக் குறைத்தாவது 64இல் நில்லுங்கள். நடுப்பக்கத் தாள்கள் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும், வெட்டும்போது ஓரம் போகும், ஆகவே வெளி ஓரம் 12 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. விளிம்பு வரை போகும் படத்துக்குச் சுற்றிவர 3 மில்லிமீற்றர் கூடுதல் விடுங்கள்.

300 பிரதிக்கு டிஜிட்டல் அச்சா ஓப்செற் (தகட்டு) அச்சா என்பது இரண்டுக்கும் விலை கேட்டுத்தான் முடிவு செய்யலாம், இது எல்லையில் நிற்கும் எண்ணிக்கை. டிஜிட்டல் என்றால் கறுப்பு அட்டையில் கவனம். டோனர் (மைத்தூள்) தாளுக்கு மேல் படிந்து நிற்பதால் மடிப்பில் வெடித்து வெள்ளைக் கோடு தெரியும். முதலில் மற் லமினேற் (மினுக்கமில்லாத மெல்லிய படலம்), பிறகு மடிப்புக் கோடு அழுத்தி, அதற்குப் பிறகு மடிப்பு. இந்த ஒழுங்கு மாறக் கூடாது. ஓப்செற் என்றால் மழை தொடங்கிய பிறகு கறுப்புப் பக்கங்கள் காயப் பிந்தும், அவசரப்பட்டு அடுக்கினால் எதிர்ப் பக்கத்தில் மை ஒட்டும். ஒக்ரோபருக்கு வேண்டுமானால் ஓகஸ்ட் கடைசியில் கோப்பு அச்சகத்தின் கையில் இருக்க வேண்டும்.


கதைப்பெட்டி

ரீச்சர், அண்ணாமார், மனமார்ந்த நன்றி. கடல் உள்வாங்கும் கதையை எடுத்துவிடுகிறேன், அந்த இடத்துக்குக் கோயில் கல். தகப்பன் கதையும் போகிறது. கன்னியாவின் குரல் கந்தளாய்ப் பூதமாகிறது. ஐந்து கதையாகக் குறைவதால் 64 பக்கத்துக்குள் இடம் நிறைய இருக்கும். ஐஎஸ்பிஎன் (புத்தகத்துக்கான சர்வதேச எண்) எடுப்பது பற்றியும் மாதக் கடிதம் பற்றியும் யாராவது சொல்ல முடியுமா?


பதில் 4: கிண்ணியா வாசகி

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். முடிந்த வேலை ஒன்று, நடக்கும் வேலை ஒன்று, பிள்ளை செய்யக்கூடிய ஒன்று. இந்த மூன்றும் போதும். "மூன்றாவது கதை திருத்தத்தில்" என்று எழுதினால் பிள்ளைக்கு அதில் ஒன்றுமில்லை. திருத்தத்துக்கு முன் இருந்த ஒரு வரியையும் பின் மாறிய வரியையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள், வெட்டியது தெரியும்படி. படத்தின் பென்சில் கோட்டையும் மை போட்ட பிறகு உள்ளதையும் அப்படியே போடலாம். பிள்ளை செய்வதற்கு: "இன்று இரவு நித்திரைக்கு முன் வெளியே கேட்கும் மூன்று ஓசைகளை எழுதுங்கள்." அடுத்த கதைக்கு உங்களுக்கும் அது உதவும். வெளிவரும் திகதியை அச்சகம் உறுதி செய்யும்வரை எழுதாதீர்கள், பிள்ளைகள் திகதியை மனதில் வைத்திருப்பார்கள்.

பதில்கள் பாடசாலை நூலகத்துக்கோ பொது நூலகத்துக்கோ மொத்தமாக வரட்டும். முதற்பெயரும் படிக்கும் தரமும் போதும். வீட்டு முகவரி, தொலைபேசி, முகம் தெரியும் படம் கேட்க வேண்டாம், வந்தாலும் போட வேண்டாம்.

இன்னொன்று. புத்தகம் கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் வரும். ஜின் முஸ்லிம்களான எங்களுக்கு நம்பிக்கை சார்ந்தது, அதை வேடிக்கைப் பாத்திரமாக எந்தக் கதையிலும் கொண்டுவராதீர்கள். முனி, பூதம், கல், இரும்புச் சத்தம் எல்லாம் எங்கள் பிள்ளைகளும் ஆசையாகப் படிப்பார்கள். கதைப் பிள்ளைகளில் ஒருவர் இங்கேயிருந்து தோணியில் வரட்டும். கிண்ணியாப் பாலம் வருமுன் நடந்த கதையானால் அப்படித்தானே வந்திருப்பார்.


பதில் 5: அச்சுக்கூடம்

ஐஎஸ்பிஎன் கொழும்பில் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை தருகிறது. தலைப்பு, பக்க எண்ணிக்கை, அளவு, விலை எல்லாம் முடிவான பிறகு விண்ணப்பியுங்கள். இலங்கை எண்கள் 978-955 அல்லது 978-624 என்று தொடங்கும். பாடசாலை நூலகங்களுக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் அங்கீகாரத்தைப் பற்றியும் இப்போதே விசாரித்து வையுங்கள். பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை, 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதிய கணமே உங்களுக்கு உரியது. ஆனால் படங்கள் வரைந்தவருக்கு உரியவை. எத்தனை பிரதி, எந்தப் பதிப்பு, கடிதத்தில் போடலாமா என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள்.

பின்னட்டையில் பட்டைக்குறியைக் கறுப்பின் மேல் வெள்ளையாக வைக்கக் கூடாது, இயந்திரம் வாசிக்காது. வெள்ளைப் பெட்டி போட்டு அதற்குள் கறுப்புப் பட்டை, இரு பக்கமும் வெற்றிடம் விட்டு. பேய்ப் புத்தகம் என்று சிவப்புப் பட்டை போடுவதும் உதவாது, வாசிக்கும் ஒளியே சிவப்பு என்பதால் அதற்குப் பட்டை தெரியாது. அளவை 80 சதவீதத்துக்குக் கீழே சுருக்க வேண்டாம்.

மாதிரிப் பிரதியை அச்சாகப்போகும் அதே தாளில் கேளுங்கள். அதில் முதலில் பார்க்க வேண்டியது உங்கள் புத்தகத்தின் மிக இருண்ட பக்கம். அதைச் சூரிய வெளிச்சத்திலும், வீட்டில் இரவு மின்குமிழ் வெளிச்சத்திலும் பாருங்கள். இரண்டிலும் பேய் தெரிந்தால் மட்டும் மிச்சத்தை ஓட்டச் சொல்லுங்கள்.